ஒரு தன்னார்வ ரெஜிமென்டை மறுபடி நிகழ்த்துவது எப்படி? 54-வது மாசசூசெட்ஸை முன்வைத்து ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் மத்திய அரசின் பக்கம் நின்ற வட மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரின் படைப்பிரிவுகளை இன்றும் பலர் மறுபடி நிகழ்த்திக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்துச் சீருடை, துப்பாக்கி, கவாத்து, கூடாரம், சாப்பாடு எல்லாவற்றோடும் வார இறுதியில் கூடி, ஒரு குறிப்பிட்ட ரெஜிமென்டாகவே வாழ்ந்து காட்டுவார்கள். ஆங்கிலத்தில் ரீஎனாக்ட்மென்ட் என்பார்கள். இங்கே மறுநிகழ்வு என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் பற்றிப் புதிதாகக் கேள்விப்படுபவர்கள் புகையையும் வெடிச்சத்தத்தையும்தான் நினைப்பார்கள். கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படையை எடுத்துக்கொண்டால் அந்த எண்ணம் எவ்வளவு போதாது என்பது தெரியும். அந்த வீரர்கள் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று போர்க்களத்தில் நடக்கவில்லை. சம்பள மேசைக்கு முன்னால் நடந்தது.

தன்னார்வ ரெஜிமென்ட் என்றால் என்ன

போர் தொடங்கியபோது அமெரிக்க நிரந்தர ராணுவத்தில் சுமார் 16,000 பேர்தான் இருந்தார்கள். எனவே ஒவ்வொரு மாநிலமும் ரெஜிமென்டுகளைத் திரட்டித் தரவேண்டும் என்று மத்திய அரசு கேட்டது. ஆள் சேர்ப்பதும் அதிகாரிகளை நியமிப்பதும் மாநில ஆளுநரின் வேலை. பதிவு முடிந்தபின் கட்டளையும் சம்பளமும் மத்திய அரசுடையவை. ரெஜிமென்டின் பெயரில் எண்ணும் மாநிலமும் சேர்ந்து வருவது இதனால்தான்.

காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றுக்கு 10 கம்பெனிகள். ஏ முதல் கே வரை எழுத்து உண்டு, ஜே மட்டும் கிடையாது. கையெழுத்தில் ஐ-யோடு குழம்பும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஒரு கம்பெனிக்கு ஏறத்தாழ 100 பேர்: கேப்டன் ஒருவர், லெப்டினென்ட் இருவர், சார்ஜென்ட் 5 பேர், கார்ப்பரல் 8 பேர், வாத்தியக்காரர் இருவர், மீதி சிப்பாய்கள். இன்றைய மறுநிகழ்வுக் குழு எதுவும் முழு ரெஜிமென்டாக நிற்பதில்லை. ஒரு கம்பெனியின் பெயரை எடுத்துக்கொண்டு பதினைந்து இருபது பேர் நிற்பார்கள். பெரிய நிகழ்ச்சியில் பல குழுக்கள் சேர்ந்து ஒரு பட்டாலியன் ஆகும்.

54-வது மாசசூசெட்ஸ் யார்

1863 ஜனவரி 1-ம் தேதி வெளியான, கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிப்பதாக அறிவித்த விடுதலைப் பிரகடனம் கறுப்பினத்தவர் ராணுவத்தில் சேர வழி திறந்தது. அந்த மாதமே மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ ஒரு கறுப்பின ரெஜிமென்ட் திரட்ட அனுமதி பெற்றார். பாஸ்டனை ஒட்டிய ரீட்வில்லில், மெய்க்ஸ் முகாமில் பயிற்சி நடந்தது. அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். அவருடைய மகன்கள் லூயிஸ், சார்ல்ஸ் இருவரும் சேர்ந்தார்கள். கர்னல் ராபர்ட் கோல்ட் ஷாவுக்கு வயது 25. தொடக்கத்தில் அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்கள்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெயரில் மாசசூசெட்ஸ் இருப்பதால் எல்லோரும் அந்த மாநிலத்துக்காரர்கள் என்றோ, எல்லோரும் தப்பி வந்த அடிமைகள் என்றோ பார்வையாளர்களிடம் சொல்லிவிடுவார்கள். இரண்டும் பிழை. மாசசூசெட்ஸைவிடப் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். நியூயார்க், ஒஹாயோ, கனடாவிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலோர் சுதந்திர மனிதர்களாகவே பதிவு செய்தவர்கள். விவசாயிகள், கூலித் தொழிலாளிகள், மாலுமிகள், முடிதிருத்துபவர்கள் இருந்தார்கள். நீங்கள் ஏற்கும் பாத்திரம் எந்த ஊர், என்ன தொழில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு வீரரின் சேவைப் பதிவேடும் இருக்கிறது: வயது, உயரம், தொழில், பிறந்த இடம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வருகைக் கணக்கு. காயத்துக்கோ விதவைக்கோ ஓய்வூதியம் கேட்ட கோப்பு இருந்தால் இன்னும் நிறையத் தெரியவரும். சீருடை வாங்குவதற்கு முன்பே இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் சார்ஜென்டா, சமையலுக்கு ஒதுக்கப்பட்டவரா, நோயில் கிடந்தவரா என்பதைப் பொறுத்து உங்கள் தோளில் தொங்க வேண்டியதே மாறும்.

1863 மே 28-ம் தேதி ரெஜிமென்ட் பாஸ்டனிலிருந்து கப்பலேறியது. ஜூலை 16-ல் தெற்கு கரோலினாவின் ஜேம்ஸ் தீவில் முதல் சண்டை. சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் அங்கிருந்து நகர்ந்து, ஜூலை 18 மாலை சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் உள்ள மோரிஸ் தீவுக்கு வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சேற்று நிலம், நடுவில் குறுகலான மணல் பட்டை, அதன் முனையில் தென் தரப்பின் வாக்னர் கோட்டை. தாக்குதலின் முன்னணியில் 54-வது போனது. ஏறத்தாழ 600 பேர் போனதில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 272 பேர். கோட்டைச் சுவரின் மேலேயே ஷா இறந்தார். வீரர்களோடு ஒரே குழியில் அவரைப் புதைத்தார்கள். உடலை எடுத்துவர வேண்டாம் என்று அவருடைய தந்தை பின்னர் சொல்லிவிட்டார். கொடி தூக்கியவர் விழுந்ததும் சார்ஜென்ட் வில்லியம் கார்னி அதை வாங்கிக்கொண்டு, பலமுறை குண்டடிபட்டும், கொடி தரையைத் தொடவிடாமல் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்கான மெடல் ஆஃப் ஹானர் என்ற மிக உயர்ந்த ராணுவ விருது 1900-ல்தான் அவர் கைக்கு வந்தது.

தாக்குதல் தோற்றது. ஆனால் கறுப்பின வீரர்கள் போரிடுவார்களா என்ற கேள்வியை அதற்குப் பிறகு நேர்மையாக யாரும் கேட்க முடியவில்லை.

சம்பள மேசை

சேரும்போது சொன்ன சம்பளம் மற்ற வீரர்களைப் போலவே மாதம் 13 டாலர். கொடுக்க வந்தபோது 10 டாலர் என்றார்கள், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். கையில் 7 டாலர். ரெஜிமென்ட் முழுவதும் வாங்க மறுத்தது. வித்தியாசத்தை மாநிலமே தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் முன்வந்தது. அதையும் மறுத்தார்கள். பணம் குறைகிறது என்பது அல்ல அவர்கள் சொன்னது; சிப்பாய் என்று ஒப்புக்கொண்டு கொடு என்றார்கள். கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் 1863 செப்டம்பரில் அதிபர் லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று கேட்டார். பதில் கிடைப்பதைப் பார்க்க அவர் இல்லை. ஒலஸ்டீ போரில் சிறைப்பட்டு, 1864 ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோனார்.

அந்த ஒன்றரை வருடமும் அவர்கள் சண்டையிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 1864 பிப்ரவரி 20-ல் ஃபுளோரிடாவின் ஒலஸ்டீயில் தோற்றுப் பின்வாங்கிய படையைக் காத்து நின்றவர்களில் 54-வதும் ஒன்று. மாசசூசெட்ஸும் மாதம் ஏழு டாலரும் என்பதே அங்கே அவர்களின் முழக்கம். காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் எஞ்சின் வழியில் பழுதானபோது, கயிறு கட்டித் தாங்களே இழுத்துவந்தார்கள்.

1864 ஜூனில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்கு மட்டுமே ஆரம்பம் முதலான பாக்கி என்று அதில் ஒரு கொக்கி. அப்போது ரெஜிமென்டின் தலைவராக இருந்த எட்வர்ட் ஹாலவெல் ஓர் உறுதிமொழி எழுதினார்: அந்தத் தேதியிலும் அதற்கு முன்பும் என் உழைப்பை ஊதியமின்றிக் கேட்கும் உரிமை எவனுக்கும் இருக்கவில்லை. அடிமையாக இருந்தவரும் மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் அதைச் சொல்லலாம். முழுச் சம்பளம் அந்த இலையுதிர் காலத்தில் வந்தது.

இதை நிகழ்த்திக் காட்ட வேண்டியவை மிகக் குறைவு: மடிப்பு மேசை ஒன்று, கம்பெனிப் பெயர்ப்பட்டியல், சம்பளம் கொடுக்கும் அதிகாரி ஒருவர், பெயர் கூப்பிடும் சார்ஜென்ட் ஒருவர். பெயர் கூப்பிட்டதும் வீரர் முன்வந்து சல்யூட் வைத்து, வாங்க மறுத்து, வரிசைக்குத் திரும்ப வேண்டும். நீண்ட வசனம் வேண்டாம். பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராகப் பணத்தைத் தொடாமல் திரும்புவதைப் பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களாகவே ஏன் என்று கேட்பார்கள். விளக்கத்தை அப்போது ஆரம்பித்தால் போதும். துப்பாக்கி உரிமம், வெடிமருந்து, மைதானம் எதுவும் வேண்டாத இந்தக் காட்சியை நிறையக் குழுக்கள் விட்டுவிடுவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

உடையும் சுமையும்

அடர்நீலக் கம்பளிச் சட்டை (நான்கு பொத்தான் வைத்த தொளதொளப்பான கோட்டு), வான்நீலக் கம்பளிக் கால்சட்டை, முன்பக்கம் சரிந்த தொப்பி, கணுக்கால் உயரத் தோல் காலணி. இடுப்பு பெல்ட்டில் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்பு மூடி) பெட்டியும் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறையும். தோளில் 40 தோட்டா கொள்ளும் தோல் பெட்டி, உணவுப்பை, தண்ணீர்க் குடுவை. முதுகுப்பையில் கம்பளி, ரப்பர் பூசிய விரிப்பு, பாதிக் கூடாரத் துணி. இருவர் துணியைச் சேர்த்துப் பொத்தான் போட்டால் ஒரு கூடாரம்.

முதலில் காலணி வாங்குங்கள். சீருடையை இரவல் வாங்கலாம், மற்றவர் காலணியில் நாள் முழுவதும் நடக்க முடியாது. அடுத்து கால்சட்டை, கோட்டு. துப்பாக்கி கடைசி, அதுதான் அதிகச் செலவு, ஆயிரம் டாலரை ஒட்டியோ தாண்டியோ போகும். பெரும்பாலான குழுக்கள் முதல் சில நிகழ்ச்சிகளுக்கு இரவல் தரும்.

கம்பளி உடையை வெயிலில் போட்டுக்கொண்டு ஓடினால் மயங்கி விழுவார்கள். இதுவே மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள், குடுவையை ஒவ்வொரு இடைவேளையிலும் நிரப்புங்கள். பக்கத்தில் நிற்பவரின் பேச்சு குழறினாலோ வியர்வை நின்றாலோ நடிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு முதலுதவிக்காரரைக் கூப்பிட வேண்டும்.

சிறிய தவறுகளும் கண்ணில் படும்: கைக்கடிகாரம், நவீனக் கண்ணாடிச் சட்டம், பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில், இத்தாலியில் செய்த பிரதித் துப்பாக்கியின் குழலில் தெரியும் தொழிற்சாலை முத்திரை. இப்படி ஆதாரமற்ற பொருளோடு வருபவரை அந்த வட்டாரத்தில் ஃபார்ப் என்பார்கள். புதியவர்களைக் கேலி செய்ய அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் குழுவில் சேராதீர்கள்.

யார் எந்தப் பாத்திரம்

பொதுவாக மறுநிகழ்வில் உள்ள நோய், எல்லோரும் அதிகாரியாக விரும்புவது. 15 பேர் நிற்கும் வரிசைக்குப் பின்னால் 4 லெப்டினென்ட் நின்றால் அது வரலாறு அல்ல. 54-வதில் இது இன்னும் கூர்மையான விஷயம். ஏனென்றால் வெள்ளை அதிகாரிகள் கூடினால் கறுப்பின வீரர்கள் அவர்களுக்குப் பின்னணியாகிவிடுவார்கள். ஒரு கேப்டனும் ஒரு லெப்டினென்டும் போதும். முகாமின் அன்றாட ஓட்டம் முழுவதும் சார்ஜென்டுகள் கையில் இருந்தது, பார்வையாளர்களோடு பேச வேண்டியவரும் முதல் சார்ஜென்ட்தான். ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸ் என்ற சார்ஜென்ட் நீண்ட இழுபறிக்குப் பிறகு 1865-ல் லெப்டினென்ட் ஆனார். போரின் கடைசிக் கட்டத்தைக் காட்டும்போது அந்தப் பாத்திரத்தைக் கட்டாயம் சேர்க்கலாம். ஆள் குறைகிறது என்று முகத்தில் கறுப்புச் சாயம் பூசி யாரையும் நிறுத்தவே கூடாது. வரிசை சிறியதாக இருக்கட்டும்.

மெடல் ஆஃப் ஹானரைப் பிரதி செய்து அணிவதும் கூடாது. கார்னியின் பாத்திரம் ஏற்றாலும் 1863 சட்டையில் 1900-ன் பதக்கம் எப்படி வரும்?

கவாத்து

வட தரப்பு ஜெனரல் சிலாஸ் கேசியின் 1862 கவாத்து விதிமுறைதான் அடிப்படை. இரண்டு வரிசை, ஒன்றின்பின் ஒன்று, இடையே 13 அங்குலம். பக்கத்தவரின் முழங்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புகையில் கண் தெரியாதபோது வரிசையைக் காப்பது அந்தத் தொடுகைதான். காலடி ஒன்றுக்கு 28 அங்குலம், வேக நடையில் நிமிடத்துக்கு 110 காலடி.

புதியவர்கள் தடுமாறுவது எண்ணிக்கையில். வரிசை நின்றதும் வலமிருந்து இடமாக ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். முன்னால் நிற்பவருக்கும் அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் ஒரே எண். வலப்புறம் திரும்பு என்றதும் எல்லோரும் திரும்புவார்கள். ஒன்றாம் எண்காரர் அசையாமல் நிற்க, இரண்டாம் எண்காரர் அவருடைய வலப்பக்கம் போய் நிற்பார். இரட்டை வரிசை நொடியில் நால்வர் வரிசையாகிவிடும். இடப்புறம் திரும்பினால் தலைகீழ்: இரண்டாம் எண் நிற்கும், ஒன்றாம் எண் இடப்பக்கம் வரும். ஒரே ஒருவர் தன் எண்ணை மறந்தாலும் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் முட்டிக்கொள்வார்கள். யாராவது காயம்பட்டதாக விழுந்தால் வரிசையைச் சேர்த்து, மறுபடி எண்ண வேண்டும். சண்டைக் காட்சிக்கு நடுவே இதை மறப்பதால்தான் பின்வாங்கும்போது வரிசை கூட்டமாகிறது.

துப்பாக்கி

54-வதுக்கு ரீட்வில்லில் கொடுத்தது 1853 மாதிரி என்ஃபீல்ட். விட்டம் .577 அங்குலம், குழல் 39 அங்குலம், எடை ஏறக்குறைய 4.3 கிலோ. குழலை மூன்று வளையங்கள் பிடித்திருக்கும் வகை. இரண்டு வளையம் கொண்ட 33 அங்குலக் குழல் விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பின்வரிசையில் நிற்பவரின் துப்பாக்கி வாய் முன்வரிசைக்காரரின் முகத்தைத் தாண்டி முன்னால் போக வேண்டும். குட்டைக் குழலானால் அவர் காதருகிலேயே வெடிக்கும். அதனால் வரிசையில் அதை அனுமதிக்கமாட்டார்கள்.

தோட்டாவில் குண்டு கிடையாது. சாதாரணத் தாளை ஒரு குச்சியில் சுற்றி, 60 கிரெய்ன் (ஏறத்தாழ 4 கிராம்) கருமருந்து போட்டு, முனையை மடிக்க வேண்டும். ஸ்டேப்பிள், ஒட்டும் டேப் எதுவும் கூடாது. சுடும்போது மருந்தை மட்டும் குழலில் கொட்டித் தாளைக் கீழே போட்டுவிடுவார்கள். உள்ளே திணித்தால் எரியும் தாள் பறக்கும். மருந்து கெட்டிக்கும் கம்பியான ராம்ராடை வெளியே எடுக்கவே மாட்டார்கள். மறந்துபோய் அது குழலிலேயே இருக்கும்போது சுட்டால் உயிர் போகும். பிறகு சுத்தியலைப் பாதி இழுத்து, கூம்பின்மேல் செப்புக் கேப்பை அழுத்தி வைத்து, கட்டளை வந்ததும் முழுவதும் இழுத்துச் சுட வேண்டும்.

கேப் வெடித்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் கூம்பின் துளையில் எண்ணெய் அடைத்திருக்கும். முந்தைய நாள் துடைத்துவிட்டுப் பூசிய எண்ணெய். காலையில் வெறும் கேப் இரண்டு மூன்றை, குழல் வாயைப் புல்லருகே வைத்து வெடிக்க வேண்டும். புல் அசைந்தால் துளை திறந்திருக்கிறது. சண்டை நடுவே வெடிக்காவிட்டால், வாயை மேல்நோக்கிய திசையிலேயே வைத்துச் சற்றுக் காத்திருந்து, புதுக் கேப் வைத்துப் பாருங்கள். இன்னொரு தோட்டாவை மேலே கொட்டாதீர்கள். சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதே தெரியாமல் இரண்டு மூன்று மருந்தை அடுக்கிவிடுபவர்கள் உண்டு.

எதிரணி நெருங்கினால் குழலை அவர்கள் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். குண்டு இல்லாவிட்டாலும் எரியாத மருந்துத் துணுக்குகள் தோலில் புதையும், கண்ணைக் கெடுக்கும். எத்தனை அடிக்குள் சுடவே கூடாது என்பதை ஒவ்வொரு நிகழ்ச்சியும் காலை ஆய்வின்போது சொல்லும். ஓடும்போது பயனெட் உறையிலேயே இருக்கும்.

அன்று இரவே கழுவுங்கள். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து மறுநாளைக்குள் துருவாக்கிவிடும். சூடான சோப்புத் தண்ணீரைக் குழலில் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் தேய்த்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

எங்கே, எதை நிகழ்த்துவது

வாக்னர் கோட்டையின் மணல் மேட்டை அட்லாண்டிக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் நிற்க முடியாது. தேசியப் பூங்காத் துறையின் போர்க்களங்களில் எதிரெதிர் வரிசைகள் சுட்டுக்கொள்வதற்கும் விழுந்து இறப்பதுபோல் நடிப்பதற்கும் அனுமதி இல்லை. கவாத்து, சுட்டுக் காட்டுதல், முகாம் வாழ்க்கை மட்டும் செய்யலாம். மாநிலப் பூங்காக்களிலும் தனியார் நிலத்திலும் விதி வேறு. ஃபுளோரிடாவில் ஒலஸ்டீ நிகழ்ச்சி வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. 54-வது உண்மையில் போரிட்ட மண்ணிலேயே நிகழ்த்தக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

வாக்னர் தாக்குதலை வேறொரு வயலில் சாவுக் காட்சியாக நடத்துவதைவிட, ஜூலை 18 மாலையில் அணிவகுத்து நின்று பெயர்களை வாசிப்பது மேல். பட்டியலைச் சேவைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, கம்பெனி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வீரரின் பெயர் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். காணாமல் போனவர்களைத் தனியாக விட்டுவிடாதீர்கள், அவர்களில் பலர் அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். பாஸ்டனில் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த நினைவுச்சின்னத்தை 1897-ல் திறந்தபோது, இறந்த அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே அதில் இருந்தன. வாக்னரில் இறந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் 1980-களில்தான் பின்பக்கம் பொறிக்கப்பட்டன. எனவே வாசிப்பைச் சிப்பாய்களிலிருந்து தொடங்கி, கர்னலைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொன்னால் ஒருவருக்கு ஏழெட்டு நொடி ஆகும். அதற்கேற்ப நேரம் ஒதுக்கி, கம்பளியில் நிற்பவர்களுக்கு முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.